பேறுகாலத்துக்கு முன்பா, பின்பா: மூட்டு ஆபரேஷனுக்கு நான் போட்ட கணக்கு

மகளுக்குப் பங்குனி முதல் வாரம் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். தலைப்பிரசவம், அதனால் நம் பக்கத்து வழக்கப்படி அம்மா வீட்டில்தான், அதாவது திருநெல்வேலிப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டில். என் வலது முழங்கால் மூட்டை மாற்றியே ஆக வேண்டும், இடதும் ரொம்ப நாள் தாங்காது என்று எலும்பு டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். எனக்கு 54 வயது, ஒன்பது வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, வீட்டில் 82 வயது மாமியார் இருக்கிறார். புரட்டாசி பிறந்ததிலிருந்து தினமும் ராத்திரி இதையே யோசித்து, காலண்டரில் பென்சிலால் குறித்து, அழித்து, மறுபடி குறித்து, இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வலியையும் வைத்துக்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு எப்போது தேதி குறிப்பது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் என்னைப்போல நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வலி வந்த கதை பெரிய கதை இல்லை. 22 வருஷம் அப்பளம் இட்டேன். உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் அப்பளக்காரமும் சேர்த்து இடித்து, உருண்டை உருட்டி, பலகைக்கு முன்னால் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருப்பதே கிடையாது. அப்பளம் மட்டும்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. உடம்பு எடை, வயது, மாதவிடாய் நின்றது, அம்மா வழி வாகு எல்லாம் சேர்ந்துதான் மூட்டைத் தேய்த்திருக்கிறது என்றார். எக்ஸ்ரேயில் உள்பக்கம் இடைவெளியே தெரியவில்லை, எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நாலாவது நிலை என்றார், அதற்கு மேல் நிலை கிடையாதாம்.

ஆனால் இந்த வலி வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பது எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. காலையில் கட்டிலை விட்டு எழுந்து முதல் பத்து அடி வைக்கிறவரை நான் யாரோடும் பேசுவதில்லை, பேசினால் சள்ளென்று விழுந்துவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் காபி போட்டு வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார், இன்றைக்கு எப்படி என்று கேட்கலாமா வேண்டாமா என்று. கல்யாண வீடு என்றால் பந்தியில் மேஜை போட்டிருப்பார்களா என்று முதலில் விசாரிக்கிறேன். நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது, அவ்வளவு பெரிய பிரகாரத்தை நினைத்தாலே கால் வலிக்கிறது. மகள் போனில் கேட்டால் “நல்லாருக்கேம்மா” என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது. வலி இருக்கிறவள் அதை மறைக்கவும் கொஞ்சம் பலம் செலவழிக்கிறாள், அந்தப் பலம் சமையலுக்கும் சிரிப்புக்கும் இல்லாமல் போகிறது. இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

சரி, என் முன்னால் இருந்த வழிகளுக்கு வருகிறேன். பிரசவம் முடிந்து மகளும் பிள்ளையும் ஊருக்குக் கிளம்பிய பிறகு ஆடியில் ஆபரேஷன் செய்வது ஒன்று. இப்போதே ஐப்பசியில் இரண்டு காலையும் ஒரே தடவையில் முடித்துவிடுவது இன்னொன்று. ஐப்பசியில் வலது காலை மட்டும் மாற்றிக்கொண்டு இடதை அப்புறம் பார்ப்பது மூன்றாவது. சென்னையில் மகள் வீட்டிலேயே தங்கிச் செய்துகொள்ளச் சொன்னார் மருமகன். லிஃப்ட் இருக்கிறது, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது, “அத்தை, நீங்க நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறினா மட்டும் போதும்” என்றார். நல்ல மனசு. ஆனால் நாலு மாதக் கர்ப்பிணி, வாக்கர் பிடித்து நடக்கும் அம்மாவுக்குப் பணிவிடை செய்வதா? அதை நான் ஒரு நாளைக்கு மேல் யோசிக்கவில்லை.

முதலில் தள்ளிப்போடுவதைப் பார்ப்போம், ஏனென்றால் என் மனசு முதலில் அங்கேதான் போனது. நம் வீடுகளில் அம்மா என்றால் தன் உடம்பைக் கடைசியில் வைக்கிறவள் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள், நாமும் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்கிறோம். “பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பாத்துக்கிடுவோம்” என்று நானே பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன். மருத்துவ ரீதியாக அதில் பெரிய தப்பும் இல்லை. மூட்டுத் தேய்மானம் உயிருக்கு ஆபத்தானது அல்ல, சில மாதம் பொறுத்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று டாக்டரே சொன்னார். கேள்வி அந்தச் சில மாதத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான். இப்போது புரட்டாசி, ஆடி வர பத்து மாதம் இருக்கிறது.

வலி மாத்திரையால் கடத்தலாம். ஆனால் சர்க்கரை இருக்கிறவர்கள் அந்த மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்துக்குக் கெடுதல், வயிற்றிலும் புண் வரும், மாதக்கணக்கில் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி இருக்கிறது. சில வாரம், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதம் வலியை அடக்கும், சர்க்கரையைக் கொஞ்ச நாள் ஏற்றிவிடும். அதில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு: அந்த ஊசி போட்டுக்கொண்டால் அடுத்த மூன்று மாதத்துக்கு அதே மூட்டில் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள், தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதால். எங்கள் தெருவில் ஒரு அக்கா இது தெரியாமல் எங்கேயோ போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து, குறித்த தேதி தள்ளிப்போய், மகன் வெளிநாட்டிலிருந்து எடுத்துவந்த லீவும் வீணாகி, ரொம்பக் கஷ்டப்பட்டார். ஆகவே ஊசி போடுவதற்கு முன்னால் ஆபரேஷனுக்கு எண்ணம் உண்டா இல்லையா என்பதை நீங்களே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

தைலமும் ஒத்தடமும் உண்டு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் ஆறு மாதம் வைத்தியம் பார்த்தேன், ராத்திரி தூக்கத்துக்கு அது நிஜமாகவே உதவியது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேய்ந்துபோன மூட்டை அது திரும்ப வளர்க்காது, அங்கே இருந்த மருத்துவரே அதை நேராகச் சொன்னார். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த மருந்து தொடைத் தசைக்கான பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் கிட்டத்தட்ட நாலு கிலோ குறைகிறதாம். ஆறு கிலோ குறைத்தேன். மாடிப்படி எனக்கு இன்னும் எதிரிதான், ஆனால் தெருமுனைக் கடைவரை போய்வர முடிகிறது.

அப்படியென்றால் தள்ளிப்போடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதை மாற்றியது பிசியோதெரபி செய்யும் தம்பி அளந்த ஒரு அளவு. கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை முழங்கால் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, வலது கால் முழுசா நீளலை, 15 டிகிரி மடங்கியே நிக்குது” என்றார். முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே என் உள்ளங்கை தாராளமாகப் போனது. அந்த இடைவெளியைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது ஆபரேஷன் இல்லை, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுதான்.

நம் வீடுகளில் பிறந்த பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுகிறோம்? ஆச்சி கீழே உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, இரண்டு காலையும் நேராக நீட்டி ஒட்டிவைத்து, அந்தக் கால்களின் மேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, தலையைப் பாதத்துப் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி, இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கைகுவித்து விட்டுவிட்டுக் குளிப்பாட்டுவாள். என் அம்மா என் மகளை அப்படித்தான் குளிப்பாட்டினாள், கைக்குள் அடங்கிய அந்த உடம்பு எண்ணெயில் பளபளத்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கால் நேராக இருந்தால்தான் அது தொட்டில். 15 டிகிரி மடங்கிய கால் மேடும் பள்ளமுமாக இருக்கும், எண்ணெய் தடவிய பிள்ளை அதில் நிற்காது. அது ஒருபுறம் இருக்கட்டும், ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழுது, மகள் அசந்து தூங்குகிறாள் என்று நான் தூக்கிக்கொண்டு நடக்கும்போது இந்தக் கால் சட்டென்று மடங்கினால்? போன மாதம் தண்ணீர்க் குடத்தோடு அப்படி ஒருமுறை மடங்கியது. குடம் போயிற்று, அவ்வளவுதான். அந்த நாளுக்கு அப்புறம் தள்ளிப்போடும் யோசனையை நான் விட்டுவிட்டேன்.

அடுத்தது இரண்டு காலையும் ஒரே தடவையில் மாற்றுவது. இதைச் சொன்னவர்கள் நிறையப் பேர், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு முறை மயக்க மருந்து, ஒரு முறை ஆஸ்பத்திரிவாசம், ஒரு முறை வீட்டைத் தலைகீழாக்குவது, ஒரே பிசியோ. செலவும் மொத்தமாகப் பார்த்தால் கம்மி. இரண்டு காலும் ஒரே மாதிரி வளைந்திருப்பவர்களுக்கு ஒன்றை மட்டும் நிமிர்த்தினால் நடை கோணலாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் ரத்தம் அதிகம் போகும், இதயத்துக்குச் சுமை அதிகம், காலில் ரத்தக்கட்டி உண்டாகி நுரையீரலுக்குப் போகிற ஆபத்தும் கூடுதல். அதனால் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் ரொம்ப வயதானவர்களுக்கும் இதைச் சிபாரிசு செய்வதில்லை. எனக்கு இதயத்துக்கு எடுத்த எக்கோ ஸ்கேன் நன்றாகவே இருந்தது, சர்க்கரை மட்டும்தான் இடித்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c என்ற சோதனை) ஆடியில் 8.4 இருந்தது, அதை 7.5-க்குக் கீழே கொண்டுவந்தால்தான் கத்தி வைப்பேன் என்றார் டாக்டர். சொதியும் இடியாப்பமும் விட்டு, ராத்திரிச் சோற்றை விட்டு, இப்போது 7.3.

ஆக இரண்டையும் செய்யலாம் என்று அனுமதி இருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு காலைச் செய்தால் இன்னொரு கால், வலியோடாவது, ஊன்றிக்கொள்ள இருக்கும். இரண்டையும் செய்தால் ஊன்ற எதுவும் இல்லை, கட்டிலிலிருந்து எழவும் டாய்லெட்டில் உட்காரவும் முதல் சில வாரம் இன்னொருவருடைய பலம் முழுசாக வேண்டும். எங்கள் வீட்டுக்காரருக்கு 61 வயது, மில்லில் நின்று நின்று அவருக்கும் இடுப்பு போயிருக்கிறது. பெரிய குடும்பம், வாட்டசாட்டமான பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்றால், இதயமும் நன்றாக இருந்தால், இரண்டையும் ஒன்றாகச் செய்வதைத் தைரியமாக யோசிக்கலாம். தூக்கிவிட ஆள் இல்லாத வீட்டில் வேண்டாம். இது என் அபிப்பிராயம்.

இனி நான் தேர்ந்தெடுத்த வழி. ஐப்பசி முதல் வாரம் வலது கால் மட்டும். எண்ணிப் பாருங்கள்: ஆபரேஷன் அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். ஆறு வாரத்தில், அதாவது கார்த்திகை நடுவில், வீட்டுக்குள் பெரும்பாலும் துணையில்லாமல் நடக்கலாம், லேசான சமையல் செய்யலாம். மூன்று மாதத்தில், தை பிறக்கும்போது, பெரும்பாலான வேலைகளுக்குக் கால் ஒத்துவரும், வீக்கமும் விறைப்பும் முழுசாக அடங்க ஒரு வருஷம்கூட ஆகலாம். வளைகாப்பை மார்கழியில் வைக்க முடியாது, ஒன்பதாம் மாதம் தையில்தான் வைக்கிறோம், அதற்கு நான் சேலை கட்டிக்கொண்டு நின்று வளையல் அடுக்க முடியும். பங்குனிக்கு ஐந்து மாதம் இடைவெளி கிடைக்கிறது. சித்திரை வைகாசி வெயிலில் அப்பள வேலை உச்சத்தில் இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் வெயில் கிடையாது, அப்பளம் காயாது, எங்கள் வீட்டில் இடுகிற நாலு பெண்களுக்கும் எப்படியும் அப்போது வேலை குறைவுதான். ஆக வருமானத்துக்கும் இதுதான் பொருத்தமான மாதம்.

ஒரே தடை மழை. ஐப்பசி கார்த்திகை நம் ஊரில் அடைமழைக் காலம், அதிலும் 2023 டிசம்பர் 17, 18-ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது, பாதைகள் அறுந்து போயின. வாக்கரோடு இருக்கிறவள் அப்படி ஒரு நாளில் காய்ச்சல் கண்டால் எங்கே போவது? அதனால்தான் ஐப்பசியிலும் முதல் வாரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். தையல் பிரிப்பதும் முதல் பரிசோதனையும் பெரிய மழைக்கு முன்னால் முடிந்துவிடும், அப்புறம் பிசியோ தம்பி வீட்டுக்கே வருவார், அம்பாசமுத்திரத்திலிருந்து பைக்கில் பத்து நிமிஷம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுவேன். தீபாவளிக்கு நான் கட்டிலில் இருப்பேனே என்று எல்லாருக்கும் வருத்தம். ஒரு தீபாவளிதானே.

எங்கே செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதுரைக்குப் போகச் சொன்னவர்கள் உண்டு. மூட்டு மாற்று இப்போது அபூர்வமான ஆபரேஷன் இல்லை, திருநெல்வேலியிலேயே தொடர்ந்து செய்கிறார்கள், அதுபோக நாலு மணி நேரம் காரில் காலை மடக்கிக்கொண்டு திரும்பி வருவதும், ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதே பயணமும் எனக்குக் கட்டுப்படியாகாது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு காலுக்கு எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் சொன்னார்கள். மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு போட்டது, சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்றைக்கு வைத்தது வரி போக 54,720 ரூபாய். ஆகவே பில்லில் மூட்டு எவ்வளவு, அறை எவ்வளவு, ஆபரேஷன் தியேட்டர் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டும் ஆதாரும் கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் போய் எடுத்தோம். இந்த அட்டையை வைத்து 1965-லிருந்து இருக்கிற நம் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்வதாக முடிவு. அரசு ஆஸ்பத்திரி என்றால் தேதி நம் இஷ்டத்துக்கு வராது, கூடவே ஒரு ஆள் இரவும் பகலும் இருந்தாக வேண்டும், அதற்கு என் தங்கை வருகிறாள். எனக்கு ஐப்பசி முதல் வாரமே கிடைத்தது, ஆவணியிலேயே போய்ப் பதிந்ததால். மூட்டு மாற்ற யோசிக்கிறவர்கள் முடிவெடுக்கும் முன்பே போய் வரிசையில் நின்றுவிடுங்கள், வேண்டாம் என்றால் பிறகு விலகிக்கொள்ளலாம்.

இதெல்லாம் காகிதத்தில் எழுதக்கூடிய கணக்கு. எழுத முடியாதது வீட்டு மனுஷர்களின் மனசு, அதில்தான் எனக்கு அதிக நாள் போனது.

மாமியாருக்குக் குளிக்க, உடுத்த துணை வேண்டும். ஆறு வாரம் அவரை அம்பாசமுத்திரத்தில் நாத்தனார் வீட்டில் விடலாம் என்று நாங்கள் இருவரும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. சாயங்காலம் திண்ணையில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, “ஏட்டி, நான் இந்த வீட்டுக்கு வந்து 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒனக்குக் காலு சரியாவ நான் போணும்னா போறேன். ஆனா திரும்பக் கூட்டிட்டு வருவீகல்லா?” என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப்போயிற்று. அன்றைக்கே திட்டத்தை மாற்றினோம். அவர் எங்கேயும் போகவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் தெருவிலேயே ஒரு அம்மா வருகிறார்கள், மாதம் 4,000 ரூபாய். நாத்தனார் வாரத்துக்கு இரண்டு நாள் இங்கே வந்து தங்குவார். நான் கட்டிலில் இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து உள்ளி உரித்துத் தருவேன் என்று மாமியார் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைக் கூட வைத்துக்கொண்டே பேசுங்கள், அவர்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாமல் பேசாதீர்கள். நான் அதைச் செய்தேன், அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

அப்புறம் சங்கரன்கோயிலிலிருந்து சம்பந்தி அம்மா போன் போட்டார். “மதினி, நீங்க சங்கடப்படாதீங்க, பேறுகாலத்த நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது. என் மகளின் தலைப்பிரசவத்தைக்கூட என்னால் பார்க்க முடியாது என்று ஊர் சொல்லுமே என்று. இரண்டு நாள் அந்தப் பேச்சையே சுமந்துகொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் நானே போன் செய்து, பங்குனிக்குள் கால் தேறாவிட்டால் முதல் ஒரு மாதம் இங்கே வந்து கூட இருந்து ஒத்தாசை செய்ய முடியுமா என்று கேட்டேன். “இதக் கேக்கணுமா மதினி” என்றார். ஆபரேஷன் நினைத்தபடி போகாமலும் இருக்கலாம், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். நூறில் ஒருவருக்கு மூட்டுக்குள் தொற்று வருகிறது, அது வந்தால் மறுபடி தியேட்டர்தான். பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு, எல்லாம் சரியாக முடிந்தும், வலி எதிர்பார்த்த அளவு போவதில்லை. மாற்றிய மூட்டு 25 வருஷம் கழித்தும் நூறில் 80-க்கு மேல் நிலைத்திருக்கிறது என்ற நல்ல கணக்கும் உண்டு, அதைத்தான் நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் மாற்று ஏற்பாடு இல்லாமல் நல்ல கணக்கை மட்டும் நம்பி வீட்டை நடத்த முடியாது.

மகளிடம் சொல்வதுதான் கடைசியில் நின்றது. மாசமாக இருக்கிறவளுக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்று மறைத்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், அடுப்பை அணைக்க எழுந்த நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை அவள் பார்த்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். “எம்மா, நீ எனக்குச் சமைச்சுப் போடணும்னு நான் அங்க வரல. நீ பக்கத்துல இருக்கணும்னுதான் வாரேன்” என்றாள். அதற்கு அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், குடம் உடைந்தது உட்பட. இப்போது அவள்தான் அங்கிருந்தே பட்டியல் போட்டு அனுப்புகிறாள்: டாய்லெட்டில் கைப்பிடி, கட்டிலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயரம் ஏற்றுவது, நடையில் கிடக்கிற மிதியடிகளை எடுத்துவிடுவது, அரிசிப் பானையை இடுப்பு உயரத்துக்கு மாற்றுவது. எங்கள் வீடு முன்வாசலிலிருந்து புறவாசல்வரை ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு படி இறங்கும், அந்தப் படிகளுக்குச் சாய்வுப் பலகை போட ஆசாரி அளந்து போயிருக்கிறார்.

குளிப்பாட்டும் விஷயத்துக்கு வருகிறேன். புது மூட்டு போட்ட பிறகு கால் நேராக நீளும், அது நல்ல செய்தி. ஆனால் தரையில் உட்கார்ந்து எழுவது கஷ்டம், குத்துக்காலிடுவதும் மண்டியிடுவதும் வேண்டாம் என்கிறார்கள். தரையில் உட்காராமல் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட முடியுமா என்று பிசியோ தம்பியிடம் கேட்டேன். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்தார். திண்ணையில் கிடக்கிற மாமனார் காலத்து விசிப்பலகையைப் பார்த்தார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், நாற்காலி உயரம். அதில் சுவரோரமாக உட்கார்ந்து காலை நீளவாக்கில் நீட்டினால் போதும், இறங்கும்போது முதலில் நல்ல காலை ஊன்றி இறங்கலாம், ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும், தனியாகச் செய்யவே கூடாது என்றார். தங்கை நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள், அவள் வராத நாளில் சம்பந்தி அம்மா.

நேற்று ஆசாரி வந்து விசிப்பலகையைத் திண்ணையிலிருந்து புறவாசலுக்குத் தூக்கிப்போய், வேப்பமரத்து நிழலில் வெயில் முகத்தில் படாத இடமாகப் பார்த்துப் போட்டார். ஆடிக்கொண்டிருந்த ஒரு காலுக்கு ஆப்பு அடித்தார், தண்ணீர் வடிய நடுவில் இரண்டு துளை போட்டார், பிள்ளை உருளாமல் இருக்க இரண்டு ஓரத்திலும் நாலு விரல் உயரத்துக்குச் சட்டம் வைத்தார். நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இடது கால் ஓரளவு நீண்டது, வலது காலுக்கு அடியில் இன்னும் கை போகிறது. ஐப்பசி 4 திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும், முந்தின நாள் ஞாயிறு சாயங்காலம் செங்கோட்டை ரயிலில் கிளம்புகிறோம்.